ஆறவைக்கிற பாத்திரம்

என் மாமனார் வீட்டில் சாப்பாட்டைத் தொட்டுப் பார்க்கிற வழக்கம் கிடையாது. ஆவியைத்தான் பார்ப்பார்கள். பறந்தால் சூடு, பறக்காவிட்டால் ஆறிவிட்டது. தொழிற்சாலையில் பாய்லர் ஓட்டியவர் வீடு வேறு எப்படி இருக்கும்? மாமாவுக்கு எல்லாமே ஆவிதான். அத்தைக்கும் அந்தக் கண் வந்துவிட்டிருந்தது. என் மனைவி அதோடு பிறந்தவள். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போன எனக்கும் கொஞ்ச நாளில் தொற்றிக்கொண்டது. டீக்கடையில் நின்றால்கூட கிளாஸைத் தொட மாட்டேன், மேலே என்ன பறக்கிறது என்று பார்ப்பேன்.

அதனால்தான் அந்த விபத்து நடந்தது. வேறு வீடாக இருந்தால் நடந்திருக்காது.

மாமாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்திருந்தது. கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. வாயின் இடது பாதி மட்டும் திரும்பவில்லை. அந்தக் கன்னத்துக்குள் சோறு இருக்கிறதா, இல்லையா என்றே அவருக்குத் தெரியாது. தண்ணீராக எதைக் கொடுத்தாலும் புரையேறும். அதனால் எல்லாவற்றையும் கூழ் பதத்தில் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் மதியம் அத்தை எலும்பை வேகவைத்து, பருப்பை அரைத்து விட்டுக் கெட்டியாக ஒரு சூப் வைத்தாள். மேலே கொழுப்பு மிதந்தது. கொழுப்பு அப்படிப் படர்ந்து உட்கார்ந்துவிட்டால் அடியில் என்ன கொதித்தாலும் மேலே ஆவி வராது. அத்தை கிண்ணத்தைப் பார்த்தாள். நான் பார்த்தேன். மாமாவும் பார்த்தார். மூன்று பேர் கண்ணுக்கும் அது ஆறின சூப்.

மாமா கிண்ணத்தைத் தூக்கி வாயில் கவிழ்த்தார். பாய்லர் ரூமில் நின்றபடியே சாப்பிட்டுப் பழகியவர். அவர் விழுங்குகிற வேகத்தில், வாயின் வலது பாதி விஷயத்தைச் சொல்வதற்குள் இடது பாதி வெந்துவிட்டது. அவர் கத்தவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது, அவ்வளவுதான். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "உப்பு கம்மி" என்றார்.

சாயங்காலம் வாய் கழுவிவிடும்போதுதான் கன்னத்தின் உள்ளே தோல் கழன்று தொங்குவதை அத்தை பார்த்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் டார்ச் அடித்துப் பார்த்தாள். எப்போதும் சிரித்துப் பேசுகிறவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"இனிமே வெதுவெதுப்புதான் ஐயா. கைக்குழந்தைக்குக் கொடுப்பாங்களே, அந்தச் சூடு. அதுக்கு மேல கொஞ்சம்கூடக் கூடாது."

"கையால சாப்பிட்டா சூடு தெரிஞ்சிடும்ல?" என்று அத்தை கேட்டாள்.

அந்தப் பெண் மாமாவின் வலது கையை விரித்துப் பார்த்தாள். வால்வு திருகித் திருகி விரல் நுனியெல்லாம் செருப்புத் தோல் மாதிரி காய்த்துப் போயிருந்தது. தீக்குச்சியை அவர் ஊதி அணைக்க மாட்டார், கிள்ளித்தான் அணைப்பார். அவள் அந்தக் கையை எடுத்து அவர் மடியில் திரும்ப வைத்தாள்.

"வேண்டாம்மா. ஸ்பூனே இருக்கட்டும்."

அன்றிலிருந்து மாமாவின் சாப்பாடு நின்றது. கோபித்துக்கொண்டு நிறுத்தவில்லை. கோபமென்றால் கெஞ்சிக் கூத்தாடிச் சமாதானம் செய்யலாம். இவர் இரண்டு வாய் வாங்குவார், பிறகு தட்டைத் தள்ளுவார்.

"குளிக்கிற தண்ணி மாதிரி இருக்கு" என்பார். பேச்சு மெதுவாக, எச்சிலோடு வரும். ஆனால் குத்த வேண்டியது குத்திவிடும்.

"அப்ப குளிங்க. யாரு வேண்டாங்கறா? குளிச்சிட்டாவது முழுங்குங்க" என்பாள் அத்தை.

மாமா சிரிக்க மாட்டார். தட்டு சமையலறைக்குத் திரும்பிப் போகும். அத்தை அதை நின்றபடியே வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கழுவிக் கவிழ்ப்பாள். பேண்ட் இடுப்பில் நிற்காமல் போய், மாமா பெல்ட்டில் புதிதாக ஓட்டை போடச் சொன்னார். ஆணியைச் சூடாக்கி நான்தான் போட்டேன். கொஞ்ச நாளில் அதற்கும் உள்ளே தள்ளி இன்னொன்று போட வேண்டியிருந்தது.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். பயிற்சிப் பெண் எண்ணைப் பார்த்துவிட்டு மாமாவுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எங்களிடம் சொல்லவில்லை, அவரிடமே சொன்னாள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

"ஐயா, ரொம்ப இறங்கிட்டீங்க. அடுத்த தடவை வரும்போது எடை கூடியிருக்கணும்னு நான் கேக்கல. இதுக்குக் கீழ போகக் கூடாது. போச்சுன்னா மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் சாப்பாடு இறக்கணும்."

"போட்டா எடுப்பீங்களா?"

"சில பேருக்கு எடுத்துடலாம் ஐயா."

"சில பேருக்கு" என்று மாமா திருப்பிச் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, குலுங்கும்போதெல்லாம் அவர் சட்டைத் தோளைப் பிடித்துக்கொண்டாள். சட்டைக்குள் தோள் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் என் முன்னால் வந்து நின்றாள்.

"மாப்பிள்ளை, பையை எடுங்க. பாத்திரக் கடைக்குப் போகணும்."

நான் அப்போது ராத்திரி ஷிஃப்ட் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். அதற்கு முன் படிப்பை விட்டிருந்தேன். விடுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு என்று என் மனைவி வேலைக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போவாள். பகலில் அந்த வீட்டில் வேலையில்லாத ஆண்கள் இரண்டு பேர் இருந்தோம். அதில் பை தூக்க முடிந்தவன் நான்.

கடைத்தெருவின் கடைசியில் இருந்தது பாத்திரக் கடை. உள்ளே இரண்டு பேர் நிற்கலாம், மற்ற இடமெல்லாம் பாத்திரம். கடைக்காரர் வாணலிகளுக்கு நடுவே உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆவி பறக்கணும். ஆனா சாப்பாடு ஆறியிருக்கணும். அந்த மாதிரி ஒரு பாத்திரம் காட்டுங்க" என்றாள் அத்தை.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையில் தொங்கிய கரண்டிகளைப் பார்த்தேன்.

"மழை பெய்யணும், ஆனா நனையக் கூடாதுங்கறீங்க."

"குடை விக்கிறவன் அதைத்தான் விக்கிறான். நீங்க காட்டுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அத்தை பையிலிருந்து ஃப்ளாஸ்க்கை எடுத்தாள். அதில் வீட்டிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஊற்றி எடுத்துவந்த வெந்நீர். அது எதற்கு என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எவர்சில்வர் கிண்ணம் ஒன்றில் கொஞ்சம் ஊற்றி அடியை மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள். உதறினாள். பீங்கானில் ஊற்றினாள். எனாமலில் ஊற்றினாள். மண்சட்டியில் ஊற்றப் போனபோது கடைக்காரர் பதறினார்.

"அம்மா, அம்மா! இது கடைம்மா, உங்க வீட்டு அடுப்படி இல்ல."

"வாங்கறதைப் பாத்து வாங்க வேண்டாமா? துணின்னா தொட்டுப் பாக்கறோம், பழம்னா அமுக்கிப் பாக்கறோம். பாத்திரத்துல ஊத்திப் பாக்கக் கூடாதா?"

 கொஞ்ச நேரத்தில் கடைக்காரரே இறங்கி வந்து வெந்நீர் பிடிக்க ஆரம்பித்தார். அத்தை ஒவ்வொன்றையும் பற்றி எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"எவர்சில்வர் வாயாடி மாப்பிள்ளை. உடனே கத்தும், உடனே அடங்கிடும். பீங்கான் ஊமைக்கோட்டான். ஒண்ணுமே காட்டாது, எல்லாத்தையும் உள்ளேயே வெச்சிருக்கும். இரும்பு இருக்கே, அது உங்க மாமா. ஏறவும் நேரம் ஆகும், இறங்கவும் நேரம் ஆகும்."

கடைசியில் அவள் எடுத்தது இரண்டு. வாயகன்ற பீங்கான் கிண்ணம் ஒன்று. அதற்குள் உட்காருகிற மாதிரி, இரட்டைச் சுவர் வைத்த எவர்சில்வர் கிண்ணம் ஒன்று. உள்ளே இதை வைத்து, சுற்றிலும் இருக்கிற இடைவெளியில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் சாப்பாடே ஆவி விடுகிற மாதிரி இருக்கும்.

"இந்தக் கிண்ணம் உள்ள இருக்கிற சூட்டை வெளிய விடாம இருக்கறதுக்குச் செஞ்சதும்மா" என்றார் கடைக்காரர்.

"உள்ள இருக்கிறதை வெளிய விடாதுன்னா வெளிய இருக்கிறதையும் உள்ள விடாதுல்ல?"

அவர் யோசித்தார். "விடாது."

"அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"யாருக்கும்மா இவ்வளவு மெனக்கெடறீங்க? குழந்தைக்கா?"

"குழந்தையா இருந்தா ரெண்டு அடி வெச்சு ஊட்டிட மாட்டேனா? வீட்டுக்காரருக்கு."

பாத்திரம் கிடைத்தது. அதில் என்ன போடுவது என்பது அடுத்த கவலை. சூப் விஷயத்துக்குப் பிறகு அத்தைக்கு எந்தச் சாப்பாட்டின் மேலும் நம்பிக்கை இல்லை. மறுநாள் காலை முழுக்க அடுப்பில் ஒவ்வொரு காயாக வேகவைத்து, மசித்து, கிண்ணங்களில் வரிசையாக வைத்தாள். கொஞ்ச நேரம் விட்டு நடுவில் கத்தியைச் செருகி எடுத்து, அதைத் தன் உதட்டில் வைத்துப் பார்த்தாள். மேலே ஆறினதா என்பது அவளுக்கு வேண்டியதில்லை. நடுவில் ஆறினதா என்பதுதான்.

"உருளைக்கிழங்கு வேண்டாம்" என்றாள் உதட்டைத் தடவிக்கொண்டு. "இது மாமியார் மாதிரி மாப்பிள்ளை. வெளிய ஆறின மாதிரி இருக்கும், உள்ள அப்படியே வெச்சிருக்கும்."

மாமியாரே இதைச் சொன்னால் மருமகன் என்ன சொல்வது? நான் அடுத்த கிண்ணத்தை நகர்த்தினேன்.

பூசணியும் அதே ரகம். கீரை சட்டென்று ஆறியது, ஆனால் நார் தொண்டையில் மாட்டும். சோறு உருண்டையாகிச் சூட்டைப் பிடித்துக்கொண்டது. முட்டை நல்ல பிள்ளை. கேரட்டையும் பருப்பையும் நைசாக மசித்து, அதில் அவித்த முட்டையை உதிர்த்துக் கலந்தால் சீக்கிரம் ஆறியது, வழுக்கிக்கொண்டும் போனது. எண்ணெய் ஒரு சொட்டு விடவில்லை. பூண்டையும் மிளகையும் தட்டிக் கொஞ்சமாகப் போட்டாள். சூடு இல்லாத இடத்தைக் காரமாவது நிரப்பட்டும் என்றாள். பிறகு அதை ஜன்னலோரம் வைத்து, விசிறி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் இரட்டைச் சுவர் கிண்ணத்தில் போட்டாள்.

மதியம் மாமா முன்னறையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அத்தை கரித்துணியால் கிண்ணத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி வந்தாள்.

"நகருங்க, நகருங்க. சுடுது."

நாடகத்தில் நடிக்கப் போயிருந்தால் முதல் நாளே விரட்டியிருப்பார்கள். ஆனால் ஆவி பிரமாதமாகப் பறந்தது. அவள் முகம்கூட அதில் சரியாகத் தெரியவில்லை. மாமாவின் முகத்தில் பல நாளாக இல்லாத ஒன்று வந்தது. ஸ்பூனை எடுத்தார். கிண்ணத்துக்கு அருகே கொண்டுபோனார்.

அங்கேயே நிறுத்தினார்.

தலையைச் சாய்த்து, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கி, கிண்ணத்தை ஓரத்திலிருந்து பார்த்தார். அழுத்தமானியில் முள் நடுங்கும்போது அப்படித்தான் பார்ப்பாராம், பிற்பாடு அத்தை சொன்னாள். ஸ்பூனை நடுவில் விட்டு ஒரு கிளறு கிளறினார். கிளறினால் ஆவி கூட வேண்டும். கூடவில்லை. நடுவிலிருந்து ஒன்றுமே எழவில்லை. சுற்றிலும் வளையமாக மட்டும் எழுந்துகொண்டிருந்தது.

"ஓரத்துல மட்டும் ஆவி வர்ற சாப்பாடு எந்த ஊர்ல இருக்கு?" என்றார்.

 மாமா உள்கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினார். அது தனியாகக் கழன்று வந்தது. அடியில் வெந்நீர் தளும்பியது. உள்கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தார். மூன்று பேரும் அந்த வெந்நீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பாய்லர்காரனுக்கே ஆவி காட்டறியா?"

"ஆமா, காட்டினேன்" என்றாள் அத்தை. "காட்டினா என்ன? கடையில போய் ஒவ்வொரு சட்டியா ஊத்திப் பாத்தேன். அந்த ஆளு என்னைப் பைத்தியம்னு நினைச்சிருப்பான். உதடு பொத்துப் போற வரைக்கும் கத்திய வெச்சு வெச்சுப் பாத்தேன். பரவால்ல, விடுங்க. குழாய் போட்டுக்கிட்டுப் படுங்க. நான் வேளாவேளைக்கு ஊத்திட்டுப் போறேன். அதுக்குச் சூடும் பாக்க வேணாம், ஆவியும் பாக்க வேணாம்."

கடைசி வார்த்தை வரும்போது குரல் காலை வாரிவிட்டது. கரித்துணியை உதறி மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

மாமா அவள் உதட்டைப் பார்த்தார். கீழுதட்டில் சின்னதாகச் சிவந்த கோடு ஒன்று இருந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"எங்க ஆறிச்சு?" என்றார்.

"என்னது?"

"இது. எங்க வெச்சு ஆறிச்சு?"

"உள்ள. ஜன்னல்கிட்ட."

"எனக்குத் தெரியாம."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

மாமா வாயோரம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டார். "என் ரூம்ல நான் இல்லாம ஒரு வால்வு திறந்ததில்ல, மூடினதில்ல" என்றார். "இங்க எல்லாம் உள்ளயே முடிஞ்சு வருது. ஏத்தறது நீ, இறக்கறது நீ. நான் வாயத் தொறந்து வாங்கிக்கணும்." பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "மாப்ளே, பிடி."

கைத்தடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சமையலறைக்குப் போனோம். அந்த அறைக்குள் அவர் வந்து நான் பார்த்ததே இல்லை. கதவு நிலையில் தலை இடிக்குமோ என்று குனிந்தார். அவ்வளவு தாழ்வான நிலை இல்லை அது. ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "எல்லாத்தையும் இறக்கு" என்றார்.

"எல்லாத்தையும்னா?"

"இருக்கிற பாத்திரம் பூரா."

"வீடு மாத்தறமா என்ன?" என்று முணுமுணுத்துக்கொண்டே அத்தை பரணைக் காட்டினாள். நான் ஏறி இறக்கினேன். தரையெல்லாம் பாத்திரம். கால் வைக்க இடமில்லை. மாமா ஒவ்வொன்றையும் விரலால் தட்டினார், வலது கையில் எடை பார்த்தார், ஒதுக்கினார். புதுப் பீங்கான் கிண்ணத்தைத் தட்டிவிட்டு, "சூட்டைக் கட்டிப் புடிச்சுக்கும்" என்றார். எவர்சில்வர் தட்டைத் தூக்கி, "குழி ஜாஸ்தி" என்றார். சமைக்கிறதுக்கு மட்டும் ஒன்றைச் சட்டென்று எடுத்துவிட்டார். அடிகனத்த இருப்புச் சட்டி. "இது அடுப்பை விட்டு இறக்கினாலும் கொதிக்கும். இதுலயே வை. இதோடயே கொண்டா."

"சரி. எதுல போட்டுச் சாப்பிடுவீங்க? அதைச் சொல்லுங்க."

அவர் தரையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் பெரிய குண்டான் இருந்தது. நாலு பேர் வந்தால் சோறு வடிக்கிறது. அதன் மேல் அலுமினிய மூடி. அகலம், மெல்லிசு, அங்கங்கே நசுங்கல்.

"அது."

"அது மூடி."

"தெரியுது. கவுத்துப் போடு."

"மூடியில யாராவது சாப்பிடுவாங்களா? நாய்க்குத்தான் வைப்பாங்க. பக்கத்து வீட்டுக்காரி பாத்தா என்ன சொல்லுவா?"

"அவளுக்கும் ஒரு மூடி குடு."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமா கவனிக்காத மாதிரி மூடியின் விளிம்பை விரலால் தடவினார். "எது மெல்லிசோ, எது அகலமோ, அதுதான் சீக்கிரம் சூட்டை விடும்" என்றார்.

மூடியைக் கவிழ்த்தால் அதன் குமிழ் அடிப்பக்கம் வந்து மேசையில் ஆடியது. மாமா பீங்கான் கிண்ணத்தை இழுத்து, அதன் மேல் மூடியை உட்காரவைத்தார். குமிழ் கிண்ணத்துக்குள் இறங்கியது, ஆட்டம் நின்றது. அப்புறம் என்ன தோன்றியதோ, மூடியைத் தூக்கிவிட்டுக் கிண்ணத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றச் சொன்னார். விளிம்பு வரைக்கும், மூடியின் அடியைத் தொடுகிற மாதிரி.

"கண்டென்சர்" என்றார் என்னிடம். பாய்லர் ரூமில் ஆவியைக் குளிரவைக்கிற கருவிக்கு அதுதான் பேர்.

அத்தை பருப்பையும் கேரட்டையும் முட்டையையும் இருப்புச் சட்டியில் போட்டு மறுபடி கொதிக்கவிட்டாள். மாமா அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். குமிழி பெரிதாக வெடித்தபோது, "குறை" என்றார். அவள் தீயைக் குறைத்தாள். நான் சின்ன மேசையை உள்ளே தூக்கி வந்து போட்டேன். சட்டி இறங்கியது. இறங்கின பிறகும் உள்ளே டப் டப் என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு கரண்டி எடுத்து மூடியின் நடுவில் விட்டாள். இந்தத் தடவை ஆவிக்கு நடிப்பு தேவைப்படவில்லை. நடுவிலிருந்து திரண்டு எழுந்து இரண்டு பேர் முகத்தையும் மறைத்தது. மாமா ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்தார், சுவரில் பூச்சு பூசுகிற மாதிரி. மெல்லிசாகப் பரப்பினார். குறுக்கே கோடு போட்டார். வழித்துச் சேர்த்தார், மறுபடி பரப்பினார். ஆவி சன்னமாகிக்கொண்டே வந்தது. வாயோரம் எச்சில் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட நிறுத்தவில்லை.

ஸ்பூனில் அள்ளினார். வாய்க்குக் கொண்டுபோனார். அத்தை சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருங்க."

"ஆறிடுச்சு. ஆவி நின்னுடுச்சு பாரு."

"அன்னைக்கும் ஆவி இல்ல."

மாமா கையைத் தளர்த்தினார். அத்தை அந்த ஸ்பூனைத் தன் பக்கம் திருப்பி, வாயில் வாங்கி, கொஞ்ச நேரம் கன்னத்திலேயே வைத்திருந்தாள். விழுங்கினாள்.

"இன்னும் ஆகல."

அவர் மறுபடி பரப்பினார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். அந்த அறையில் என்னைத் தவிர எல்லோருக்கும் வேலை இருந்தது. இரண்டாவது ஸ்பூனையும் அவளிடமே நீட்டினார். அவள் வாங்கினாள். கண்ணை மூடி யோசித்தாள்.

"ம். இப்ப."

மாமா வாங்கினார். வலது பக்கமாக ஒதுக்கி, மெதுவாக மென்றார். தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. இருமல் வருமோ என்று நாங்கள் காத்திருந்தோம். வரவில்லை.

"சூடு இருக்கு" என்றார்.

நான் மூடியின் ஓரத்தில் விரலை வைத்துக் கொஞ்சம் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். நேற்று அவர் தள்ளிவிட்ட தட்டில் இருந்த அதே வெதுவெதுப்புதான். அதை நான் சொல்லவில்லை.

அடுத்த கரண்டி விழுந்தது. பரப்பினார். முதல் ஸ்பூன் அவளுக்கு, அவள் தலையாட்டின பிறகு அவருக்கு. சில சமயம் அவள், "இன்னும்" என்பாள், அடுத்ததும் அவளுக்கே போகும். அந்தக் கணக்கில் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. அத்தை எப்போதும் கடைசியில், நின்றபடி, சட்டியில் மிஞ்சினதைச் சாப்பிடுகிறவள். அன்றைக்கு மிஞ்சவில்லை. அவள் எப்போது உட்கார்ந்தாள் என்று நானும் கவனிக்கவில்லை. பார்த்தபோது தரையில் கிடந்த குண்டானைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலமும் அதுவே நடந்துகொண்டிருந்தபோது என் மனைவி வேலையிலிருந்து வந்தாள். தோளில் பையோடு சமையலறை வாசலில் அப்படியே நின்றாள்.

"என்னம்மா இது? மூடியில சாப்பிடறீங்க!"

"உங்கப்பா கண்டென்சர் கட்டியிருக்கார். ஓரமா நில்லு, காத்தை மறைக்காதே."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, மூடியிலிருந்து ஒரு விரல் வழித்து நக்கினாள். பிறகு பின்கட்டுக்குப் போய் வெகுநேரம் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கொடியில் இருந்ததே நாலு துணி. அப்பாவும் அம்மாவும் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டு அவள் பார்த்ததே இல்லையாம். ஒருத்தர் ஷிஃப்ட்டிலிருந்து வந்து சாப்பிடும்போது இன்னொருத்தர் சமைத்துக்கொண்டிருப்பாராம்.

அதற்குப் பிறகு எல்லாம் சுகம் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. சில வேளை மாமா பாதியில் களைத்துப்போய் ஸ்பூனை வைத்துவிடுவார். ஒரு நாள் அத்தை, "இன்னும்" என்று சொல்லச் சொல்ல வீம்புக்கு வாயில் போட்டுக்கொண்டார். சுடவில்லை. ஆனாலும் அத்தை அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை. சூடு பார்க்கிற வேலையை மட்டும் நிறுத்தாமல், "இன்னும்", "இப்ப" என்பதைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் திடுதிப்பென்று வந்து நின்றாள். அத்தை மூடியைச் சாப்பாட்டோடு தூக்கிக் குண்டானில் மூடப் போனாள். மாமாதான், "வெச்சுட்டுப் போ" என்று அதட்டினார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வந்தது.  பெல்ட்டில் எந்த ஓட்டையில் கொக்கி மாட்டியிருக்கிறது என்று நான் பார்க்க முயன்றேன். மாமா சட்டையை வெளியே விட்டிருந்தார்.

எடை மிஷினில் ஏறும்போது கைத்தடியை நான் வாங்கிக்கொண்டேன். ஒரு கையைப் பயிற்சிப் பெண் பிடித்திருந்தாள், பிறகு விட்டாள். மாமா தனியாக நின்றார். முள் ஆடியது. நானும் அத்தையும் அதைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணின் முகத்தைத்தான் பார்த்தோம்.

"கூடல" என்றாள்.

அத்தை பையின் பிடியை இறுக்கினாள்.

"ஆனா இறங்கவும் இல்ல. போன தடவை எங்க இருந்துதோ அங்கேயே நிக்குது." நிமிர்ந்து சிரித்தாள். "குழாய் இப்போதைக்கு வேண்டாம் ஐயா. என்ன பண்ணினீங்களோ அதையே பண்ணுங்க."

மாமா இறங்கினார். நான் கைத்தடியைக் கொடுத்தேன். அத்தை அந்த மிஷினையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

"இது ஒழுங்கா வேலை செய்யுதா?" என்று கேட்டாள். "எதுக்கும் பாத்துக்கறேன்." செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். முள் ஓடியது. அவள் குனிந்து பார்த்தாள், இன்னும் குனிந்து பார்த்தாள். "இது ரிப்பேர்."

பயிற்சிப் பெண் எட்டிப் பார்த்தாள். "இல்லம்மா, சரியாத்தான் இருக்கு."

"எனக்கு எப்பவும் இவ்வளவு இருக்காது."

மாமா சிரித்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முகத்தின் வலது பாதி மட்டும் சிரித்தது. ஆனால் சத்தம் முழுசாக வந்தது.

"பாதிக்குப் பாதி நீதானே முழுங்கறே" என்றார்.

"ஓ, அப்படியா? உங்களுக்காகப் பாத்தா எனக்கு இந்தப் பேரா? நாளைலேர்ந்து சூட்டை நீங்களே பாத்துக்கங்க. அதான் பாய்லர்காரராச்சே."

கோபமாக இறங்கிச் செருப்பைத் தேடினாள். ஒன்று நாற்காலிக்கு அடியில் போயிருந்தது. மாமா அதைக் கைத்தடியின் நுனியால் இழுத்து அவள் காலுக்குப் பக்கத்தில் தள்ளினார்.

"வேண்டாம்" என்றார். "நீயே பாரு."